எவ்வளவு எடுப்பது? தாடை மூட்டின் எலும்புக் கட்டியும் அறுவை மருத்துவமும்



கம்பனும் சிலம்பும் பேசப்படும் மேடையில் ஓர் அறுவை மருத்துவனை ஏற்றியிருக்கிறீர்கள். அதனால் முதலில் உங்களுக்கே ஒரு வேலை. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஒரு குமிழ் உருள்வது தெரியும். இன்னும் அகலத் திறந்தால் அந்தக் குமிழ் முன்பக்கம் வழுக்கிப் போய், விரல் நின்ற இடத்தில் ஒரு பள்ளம் விழும். கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை அது. எங்கள் பாடப்புத்தகத்தில் கொண்டைல். இன்று முழுக்கக் குமிழ் என்றே சொல்லப் போகிறேன்.

முழங்கால் மடங்கும், தோள் சுழலும். தாடை மூட்டு முதலில் சுழன்று, அப்புறம் வழுக்கும். குமிழுக்கும் அது உட்காரும் குழிக்கும் நடுவில் ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. குழியின் கூரை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்புதான். அதற்கு மேலே மூளை. இதைவிடக் கவனிக்க வேண்டிய விஷயம், எலும்பு ஒன்று, மூட்டு இரண்டு என்பது. வலப்பக்கத்தை விட்டுவிட்டு இடப்பக்கம் தனியாக அசைய முடியாது. ஒரு பக்கம் நாலைந்து மில்லிமீட்டர் உயர்ந்தால் தாடை முழுவதும் சாய்ந்தாக வேண்டும். பல்லுக்கு நடுவே ஒரு தலைமுடி அகப்பட்டால்கூட நமக்குத் தெரிந்துவிடுகிறது. அத்தனை நுட்பமான கடியைக் குமிழில் முளைக்கும் ஒரு கட்டி எப்படிக் குலைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கட்டியின் பெயர் ஆஸ்டியோகாண்ட்ரோமா. எலும்பும் அதன்மேல் தொப்பியாகக் குருத்தெலும்பும் சேர்ந்த வளர்ச்சி. புற்றுநோய் அல்ல. உடம்பின் மற்ற எலும்புகளில் இது அபூர்வமே இல்லை. தொடை எலும்பின் கீழ்முனையிலும் கால் எலும்பின் மேல்முனையிலும், அதாவது முழங்காலை ஒட்டி, அடிக்கடி பார்க்கிறோம். புற்றல்லாத எலும்புக் கட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். முகத்தில் மட்டும் அரிது. காரணம் உண்டு. முகத்து எலும்புகளில் பெரும்பாலானவை சவ்விலிருந்து நேராக எலும்பாகின்றன. தாடைக் குமிழோ குருத்தெலும்பு வழியாக வளர்கிறது. குருத்தெலும்பு இருந்த இடத்தில்தான் இந்தக் கட்டிக்கு வேர் கிடைக்கும். குமிழிலும் பெரும்பாலும் முன்பக்க உட்புறத்திலேயே முளைக்கிறது. தாடையை முன்னே இழுக்கும் தசை வந்து ஒட்டும் இடம் அது. தசைநாரின் ஓயாத இழுப்பு அங்குள்ள உயிரணுக்களைத் தூண்டிவிடுகிறது என்று ஒரு கட்சி. இஎக்ஸ்டி1, இஎக்ஸ்டி2 என்ற மரபணுக்களின் கோளாறு என்று இன்னொரு கட்சி. உடம்பெங்கும் இத்தகைய முளைகள் வரும் பரம்பரை நோயில் மரபணுக் கட்சிக்கே வலு அதிகம். ஒற்றைக் குமிழில் ஒற்றைக் கட்டி என்றால் இரு தரப்பும் கொஞ்சம் கொஞ்சம் சரியாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

முழங்காலில் வருவது வளரும் வயதில் வந்து, வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் தானும் நின்றுவிடும். தாடைக் குமிழில் வருவது முப்பது, நாற்பது வயதிலும் வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த வளர்ச்சியின் வேகம்தான் எங்கள் எதிரி. வேகம் அதிகம் என்பதால் அல்ல, மிகக் குறைவு என்பதால். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நகர்வதால் நாக்கும் கன்னமும் பல்லும் அதற்குப் பழகிக்கொள்கின்றன. கட்டி உள்ள பக்கத்தில் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழும். முகவாய் எதிர்ப்பக்கம் ஒதுங்கும். எதிர்ப்பக்கத்தில் கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே போய்க் கடிக்கும். நோயாளிக்கு இது எதுவும் நோயாகத் தெரிவதில்லை. கண்ணாடி முன் தினம் நிற்கிறவருக்குத் தன் முகம் மாறுவது தெரியாது. பத்தாண்டு கழித்து ஊருக்கு வரும் சித்தி, "என்னடா, உன் தாடை ஒரு பக்கமா போயிருக்கு?" என்று கேட்கும்போதுதான் பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்ப்பார்கள். அந்த ஆல்பத்தைக் கையோடு கொண்டு வாருங்கள் என்பேன். ஆண்டு வாரியாக முகவாய் நடுக்கோட்டை விட்டு விலகுவதை அதைப்போல எந்தக் கருவியும் காட்டாது.

மார்த்தாண்டம், குலசேகரம், களியக்காவிளைப் பக்கத்து ஆட்களுக்கு இன்றும் பெரிய வைத்தியம் என்றால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ்தான். 1951-இல் கல்லூரி தொடங்கியபோது அவர்கள் ஊரும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் எல்லைக்கோடு மாறியது, பஸ் ரூட் மாறவில்லை. ஆனால் அங்கே வந்து சேர்வதற்குள் பல வாசல் ஏறி இறங்கியிருப்பார்கள். "வாய் கோணுது" என்றதும் வாதம் என்று எண்ணெய் போட்டுத் தடவியிருப்பார் ஊர் வைத்திய ஆசான். முகவாதத்தில் தசை தளரும், கண் மூடாது, நெற்றி சுருங்காது. இங்கே தசையெல்லாம் சரியாக வேலை செய்கிறது, எலும்பு இடம் மாறியிருக்கிறது. இந்த வித்தியாசத்தை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். எண்ணெயால் கெடுதி இல்லை, காலம்தான் போகிறது. பல் மருத்துவர்களான எங்கள் ஆட்கள் செய்வதில் கெடுதி உண்டு. கடி சரியில்லை என்று நல்ல பல்லை ராவிவிடுவார்கள், இடைவெளியை அடைக்க உறை போடுவார்கள். ஆறு மாதம் கழித்துக் கடி மறுபடி மாறும், மறுபடி ராவுவார்கள். நாற்பது வயதில் ஒருவருடைய கடி மாறிக்கொண்டே வந்தால் பல்லைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் காதோரம் பார்க்க வேண்டும். மாணவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

படம் எடுத்து, கட்டி என்று சொன்ன உடனே வரும் கேள்வி ஒன்றுதான். "டாக்டரே, இது ஆர்.சி.சி.க்குப் போக வேண்டிய கேஸா?" திருவனந்தபுரத்தில் அந்தக் கேள்விக்கு நியாயம் இருக்கிறது. ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையம் 1981 முதல் அதே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கிறது. வாய்ப்புற்று பற்றி உலகம் மேற்கோள் காட்டும் பெரிய ஆய்வு ஒன்று இந்த மாவட்டத்துப் பஞ்சாயத்துகளில்தான் நடந்தது. மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், டார்ச் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள். 13 பகுதிகள்; அவற்றில் 7-இல் பரிசோதனை, 6-இல் வழக்கமான கவனிப்பு. 2005-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் இறப்பது 34 சதவீதம் குறைந்திருந்தது. அப்படிப்பட்ட ஊரில் வாய்ப்பக்கம் கட்டி என்றால் அந்த ஒரு சொல்தான் ஞாபகம் வரும். ஆகவே, இது புற்று அல்ல என்று முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒற்றையாக வரும் ஆஸ்டியோகாண்ட்ரோமா புற்றாக மாறுவது நூற்றில் ஒன்று என்ற அளவில்தான். தாடைக் குமிழில் அது இன்னும் அரிது.

சொன்ன மறுநொடி அடுத்த கேள்வி வரும்: "அப்போ எதுக்கு ஆபரேஷன்?"

இன்றைய பேச்சின் மையமே இதுதான். புற்றுநோயை அறுக்கிறவருக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நரம்பு போனாலும், முகம் கோணினாலும், உயிரைக் காப்பாற்றினோம் என்று அவர் சொல்லலாம்; யாரும் மறுக்க மாட்டார்கள். எங்களுக்கு அந்தச் சொல் கிடையாது. இந்தக் கட்டியால் யாரும் சாகப் போவதில்லை. சாப்பிட, பேச, கொட்டாவி விட, கண்ணாடியைப் பார்க்க வசதியாக இருப்பதற்காகத்தான் கத்தியை எடுக்கிறோம். எடுத்தபின் நெற்றியைச் சுருக்க முடியாமல் போனால், கடி இன்னும் மோசமானால், நோயாளி கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லை. ஆகவே எடுக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கு, எதை எடுக்கப் போகிறோம் என்று தெரிவதில் தொடங்குகிறது. ஒரு பக்கத் தாடை வளர்ந்து நிற்பதற்கு ஆஸ்டியோகாண்ட்ரோமா ஒரு காரணம் மட்டுமே. கட்டியே இல்லாமல் குமிழ் தன் வடிவம் மாறாமல் பெரிதாகிக்கொண்டே போவது இன்னொன்று. சூரிக்கைச் சேர்ந்த ஹூகோ ஒப்வெகெஸரும் மிலாஷ் மக்கெக்கும் 1986-இல் அந்த வகைகளைப் பிரித்து வைத்தார்கள். இன்றும் வகுப்பில் அதைத்தான் நடத்துகிறோம். மூன்றாவது, ஆஸ்டியோமா: குருத்தெலும்புத் தொப்பி இல்லாத, முழுக்க எலும்பான கட்டி. பல் மருத்துவமனையில் எடுக்கும் ஓ.பி.ஜி. படத்திலேயே குமிழ் தன் வடிவத்தில் இருக்கிறதா, அதிலிருந்து ஏதாவது முளைத்து நிற்கிறதா என்று ஓரளவு தெரியும். சி.டி.யில் கட்டியின் உட்புறமும் குமிழின் உட்புறமும் ஒன்றாகக் கலந்திருப்பது தெரிந்தால் ஆஸ்டியோகாண்ட்ரோமா என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். இன்னும் வளர்கிறதா என்று அறிய டெக்னீசியம்-99எம் ஏற்றி எலும்பு ஸ்கேன் எடுப்பார்கள். அதன் கதிர்வீச்சு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கலாமா என்று தாய்மார்கள் கேட்பது இந்தக் கதிர்வீச்சுக்குப் பயந்துதான். அன்று ஒரு நாள் பொறுக்கச் சொல்வோம்.

தாடைக் குமிழை அறுத்தெடுக்கும் வித்தை பழையது. கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் மரே ஹம்ஃப்ரி, வளர்ந்து போன ஒரு குமிழை அறுத்தெடுத்ததை 1856-இல் எழுதிவைத்திருக்கிறார். எக்ஸ்ரே வருவதற்கு 39 ஆண்டுகள் முன்பு! உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லாத காலத்தில், காதோரம் விரலால் தடவிப் பார்த்தே துணிந்திருக்கிறார். அதன்பின் நூறாண்டுக்கு மேல், கட்டி என்றால் குமிழோடு சேர்த்து முழுதாக எடு என்பதே வழக்கம். அடியோடு எடுத்தால் மறுபடி வராது என்ற தர்க்கம். மறுபடி வரவில்லைதான். ஆனால் குமிழ் போன பக்கம் தாடையின் உயரம் குறைந்து, எதிர்ப்பக்கம் ஒதுங்கியிருந்த முகவாய் இப்போது இந்தப் பக்கம் சரிந்தது, முன்பற்கள் சேராமல் வாய் திறந்தே நின்றது. குமிழ் இருந்த இடத்தில் விலா எலும்பை அதன் குருத்தெலும்போடு எடுத்து வைத்தார்கள். அது குழந்தைகளுக்கு நல்லது. ஆனால் சிலருக்கு வைத்த விலா எலும்பு தன்னிஷ்டத்துக்கு வளரத் தொடங்கியது.

டல்லஸ் நகரத்து லாரி வுல்ஃபோர்டும் குழுவினரும் 2002-இல் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தமானது. கட்டியுள்ள குமிழின் தலையை மட்டும், அதற்கு அடியில் ஒடுங்கும் எலும்புக் கழுத்தை ஒட்டி வெட்டி எடுத்துவிட்டு, மீந்த கழுத்தையே மெருகிட்டுப் புதிய குமிழாக ஆக்கி, தட்டை அதன்மேல் நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள். தாடை சாய்ந்திருந்ததை அதே மயக்கத்திலேயே எலும்பைப் பிளந்து நேராக்கினார்கள். கட்டி ஒரு காம்பில் தொங்கினால் இவ்வளவுகூட வேண்டாம். காம்போடு அறுத்து, குமிழை அப்படியே விட்டுவிடலாம். எங்கே காம்பு முடிகிறது, எங்கே குமிழ் தொடங்குகிறது என்பதைச் சி.டி. படத்திலிருந்து அச்சிட்ட பிளாஸ்டிக் மாதிரியில் பேனாவால் கோடு போட்டு முந்தின நாளே தீர்மானித்துக்கொள்வது இப்போது பழக்கமாகிவிட்டது. கையில் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது, திரையில் தெரியாத ஒரு முளை அகப்படும்.

இனி அறுவை அரங்குக்குள் வாருங்கள். முதல் சிக்கல் மயக்க மருத்துவருக்கு. வாய் மூன்று விரல் அகலம் திறக்க வேண்டும். இந்த நோயாளிக்கு ஒன்றரை விரல்தான். ஆகவே மூக்கு வழியாக, நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள வளையும் குழாயைத் தொண்டையில் இறக்கி, அதன்மேல் சுவாசக் குழாயை நழுவ விடுவார். அடுத்து வாயை ஒரு தனித் துணியால் மூடிவிடுவோம். வாய் என்பது கிருமிகளின் சந்தை. காதோரம் திறக்கும் மூட்டு அதனோடு உறவு வைத்துக்கொள்ளக் கூடாது.

வெட்டுக்கோடு காதின் முன் மடிப்பிலேயே இறங்கும், மேலே முடிக்குள் வளைந்து மறைந்துவிடும். ஆறு மாதத்தில் தழும்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். தோலுக்கு அடியில்தான் பயம். முக நரம்பின் மேல்கிளை கன்ன எலும்பின் வில்லைக் குறுக்காகத் தாண்டிப் போகிறது. எங்கே தாண்டுகிறது? ஷெஃபீல்டில் அல்-கயாத், பிராம்லி இருவரும் பிரேதங்களில் அளந்து 1979-இல் சொன்னார்கள்: காதுத் துளை எலும்பின் முன்விளிம்பிலிருந்து சராசரி 2 சென்டிமீட்டர். அதோடு நிறுத்தியிருந்தால் பலர் நரம்பை வெட்டியிருப்பார்கள். ஆளுக்கு ஆள் 0.8 சென்டிமீட்டரிலிருந்து 3.5 வரை மாறுகிறது என்று சேர்த்துச் சொன்னார்கள். சராசரி 2 என்பதை மனப்பாடம் செய்த மாணவனிடம் அந்த 0.8-ஐத்தான் முதலில் கேட்பேன். எலும்பின் மேலிருக்கும் உறைகளைக் கீறி, நரம்பு எந்தப் படலத்தில் ஓடுகிறதோ அந்தப் படலத்தையே மொத்தமாகத் தூக்கி முன்னால் மடக்கிவிடுவதுதான் அவர்கள் காட்டிய வழி. நரம்பைத் தேடாதே, அது இருக்கும் துணியோடு நகர்த்து. மயக்கம் தெளிந்ததும் நான் சொல்லும் முதல் வாக்கியம் "புருவத்தைத் தூக்குங்க" என்பதுதான். இழுபட்ட நரம்பு சில வாரம், சில மாதம் சோம்பிக் கிடந்து திரும்பிவிடும். அறுபட்ட நரம்பு அப்படித் திரும்பாது.

குமிழ் தெரிந்ததும் ரத்தம் பற்றிய பயம். குமிழின் கழுத்துக்கு உட்பக்கம் மேல்தாடைத் தமனி போகிறது. கட்டி இருப்பதும் உட்பக்கம். ஆகவே எலும்பை வெட்டுமுன் உட்பக்கம் ஒரு வளைந்த தகட்டை நுழைத்துத் தமனியை ஒதுக்கிவைப்போம். எலும்பை வெட்டி மென்சதையை விடும் அதிர்வுக் கத்திகள் இப்போது வந்திருக்கின்றன, பெரிய ஆறுதல். வெட்டிய துண்டை இழுத்தால் வராது. முன்னே இழுக்கும் தசை அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிடித்து முறுக்காமல், தசையை எலும்பை ஒட்டியே சுரண்டி விடுவிக்கப் பொறுமை வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தில் அரங்கில் யாரும் பேச மாட்டார்கள். துண்டு வெளியே வந்தபின் மேல்கீழ் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கடியைப் பார்ப்போம். உதவியாளர் ஒருவர் துணிக்குக் கீழே கையை விட்டு அதைச் செய்துவிட்டு, கையுறை மாற்றிக்கொண்டு வருவார்.

சிலருக்குக் குமிழும் கழுத்தும் முழுவதும் கட்டியாகவே இருக்கும், மீட்க எதுவும் இருக்காது. அங்கே செயற்கை மூட்டு வருகிறது. இதன் வரலாறு கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளத் தகுந்தது.

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு டெஃப்லான் கிண்ணம் வைத்தார், ஏறத்தாழ 300 பேருக்கு. இரண்டு மூன்று ஆண்டில் தேய்ந்து, அந்தத் தூள் சுற்றியுள்ள திசுவை எரிச்சலூட்டி எலும்பைக் கரைத்தது. மனிதர் டெஃப்லான் தூளையும் பாலிஎத்திலீன் தூளையும் தன் தொடையிலேயே செலுத்திப் பார்த்துவிட்டு, 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இதெல்லாம் எழுதி வெளிவந்த சங்கதி. அப்படியிருந்தும் 1983-இல் அமெரிக்காவில், ஹூஸ்டனின் வைட்டெக் நிறுவனம் தாடை மூட்டில் வைக்க டெஃப்லான் பூசிய புரோப்ளாஸ்ட் தகடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பல ஆயிரம் பேருக்கு வைத்தார்கள். மெல்லும் சுமையில் தகடு நொறுங்கியது. தூளைத் தின்ன வந்த ராட்சத உயிரணுக்கள் குமிழைத் தின்றன, சிலருக்கு அந்த 1 மில்லிமீட்டர் கூரையையும் துளைத்தன. 1990 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டது. இடுப்பு மருத்துவர் இருபது ஆண்டு முன்பே கற்ற பாடத்தைத் தாடை மருத்துவர் படிக்காமல் போனார், அவ்வளவுதான்.

அதே 1990 டிசம்பரில், 6-ஆம் தேதி, இந்த நகரத்தில் வேறொன்று நடந்தது. ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் சித்ரா இதய வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. எம்.எஸ்.வலியத்தானின் குழு பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில் ஆண்டுக்கணக்காக உழைத்தது. முதல் மூன்று மாதிரிகள் சோதனையிலேயே தோற்றன. தோற்றதை ஆய்வகத்திலேயே தோற்க விட்டார்கள், நோயாளியின் மார்புக்குள் அல்ல. ஜெயித்த நாலாவது மாதிரியில் கோபால்ட்-குரோமியக் கலப்பு உலோகச் சட்டமும், மிக உயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன் வட்டும் இருந்தன. இன்று உலகில் நம்பி வைக்கப்படும் தாடை மூட்டிலும் குழிக்கு அதே பாலிஎத்திலீன், குமிழுக்குக் கோபால்ட்-குரோமியம், தாடையோடு பிடித்து நிற்க டைட்டானியம். இதயத்துக்கும் தாடைக்கும் கேள்வி ஒன்றேதான்: கோடிக்கணக்கான முறை உரசினால் எது தூளாகாமல் இருக்கும்?

டைட்டானியம் என்றதும் உள்ளூர் ஆட்கள் கொச்சுவேளி டைட்டானியம் ஆலையை நினைப்பீர்கள். அங்கே கரைமணல் வெள்ளை நிறமியாகிறது, உலோகமாவதில்லை. உலோகத்துக்கான டைட்டானியம் பஞ்சு சவறையில் 2011 முதல் வருகிறது, ஆண்டுக்கு 500 டன் திறனில், ராக்கெட்டுக்காக. நம் நோயாளியின் தாடையில் போகும் திருகாணி பெரும்பாலும் கப்பலேறித்தான் வருகிறது.

செயற்கை மூட்டை நான் தாழ்த்திப் பேசவில்லை. சொந்த எலும்பில் தேறாதபோது அதற்கு மாற்று இல்லை. ஆனால் முப்பத்தைந்து வயதுக்காரருக்கு வைப்பதை அவர் எழுபது வயது வரை சுமக்க வேண்டும். மெருகிட்டு மீட்கக்கூடிய கழுத்து ஒன்று இருக்கும்போது, வைக்க வசதியாக இருக்கிறது என்பதற்காக அதை வெட்டி எறிவதை என்னால் ஏற்க முடியாது. மாநாடுகளில் இதைச் சொல்லி இளைஞர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

எடுத்த துண்டு நோய்க்குறியியல் துறைக்குப் போகும். குருத்தெலும்புத் தொப்பி இருக்கிறது என்று அவர்கள் எழுதினால் விஷயம் முடிந்தது. தொப்பி இல்லை, ஆஸ்டியோமா என்று வந்தால் எனக்கு இன்னொரு வேலை இருக்கிறது. தாடையிலும் மண்டையிலும் வேறெங்காவது இதுபோல முளைகள் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்று வந்ததா என்று கேட்க வேண்டும். கார்ட்னர் நோய்க்கூட்டு என்று ஒன்று உண்டு. அதில் எலும்பு முளைகள் முதலில் வரும், குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்புகள் பிறகு வரும். அவற்றைக் கவனிக்காமல் விட்டால் நடுவயதுக்குள் புற்றாவது ஏறக்குறைய நிச்சயம். தாடைக்கென்று வந்தவரைக் கொலனோஸ்கோப்பிக்கு அனுப்பும்போது, "பல்லுக்கும் வயித்துக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்பார்கள். உட்கார வைத்துச் சொல்லத்தான் வேண்டும்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் தொடங்கி வேலை நோயாளியுடையது. ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கிடையே வைத்துத் திறக்கப் பழக வேண்டும். குச்சி ஒன்று ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். இந்த வாரம் பத்து என்றால் அடுத்த வாரம் பன்னிரண்டு. வலிக்கும். வலிக்கிறதே என்று விட்டவர்களின் மூட்டு இறுகிப் போய், மறுபடி மேசைக்கு வந்திருக்கிறார்கள். கடி வழிமாறாமல் இருக்கப் பற்களுக்கிடையே ரப்பர் வளையங்கள் சில வாரம். ஒரு மாதம் குழைந்த சோறு, இட்லி, கஞ்சி. முறுக்கும் சீடையும் தீபாவளிக்குள் சாப்பிடலாமா என்பது அவரவர் குச்சிக் கணக்கைப் பொறுத்தது. கடைசியாக ஒன்று: ஆறாம் மாதமும் ஓராண்டிலும், அதன்பின் ஆண்டுக்கொரு முறையும் ஓ.பி.ஜி. எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறோம். மறுபடி வளர்வது மிக அரிது என்றாலும், முதல் முறை மெல்ல வந்தது இரண்டாம் முறையும் மெல்லத்தான் வரும்.